பிளாக்ஃபுட் மக்களின் வரலாற்றை எங்கிருந்து படிப்பது? தென் ஆல்பர்ட்டா பற்றிய விவாத இழை

நெடுவெளி (இழையைத் தொடங்கியவர்):

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் லெத்பிரிட்ஜ் வட்டாரத்தில் குடியேறியதிலிருந்து இப்பகுதியின் வரலாற்றைச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளையும் சிறு கையேடுகளையும் விடாமல் படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை, 1869இல் அமெரிக்க வணிகர்கள் விஸ்கி விற்பதற்காகக் கட்டிய வூப்-அப் கோட்டையிலிருந்தோ, 1874 அக்டோபரில் வடமேற்குக் குதிரைப் போலீசார் மக்லியோடு கோட்டையை நிறுவியதிலிருந்தோ தொடங்குகின்றன. அதற்கு முந்தைய காலம் முழுவதும் "பழங்குடியினர் பைசன் என்னும் காட்டெருதை வேட்டையாடி வாழ்ந்தனர்" என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறது.

சிக்சிகா, கைனாய், பீகானி என்னும் மூன்று மக்கள் ஆல்பர்ட்டாவிலும், அம்ஸ்காபி பீகானி எனப்படும் தெற்குப் பீகானி மக்கள் எல்லைக்கு அப்பால் மொன்டானாவிலும் வாழ்கிறார்கள். இந்நால்வரும் சேர்ந்ததே பிளாக்ஃபுட் கூட்டமைப்பு. எழுத்து இல்லாத காலத்தைத் தாங்களே எவ்வாறு நினைவில் வைத்தார்கள், அந்த நினைவை நாம் எந்த அளவுக்கு வரலாறாக ஏற்கலாம் என்பதே என் கேள்வி. விடை தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதலாம். இங்கே பக்க அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை.

மேட்டுநிலத்தான்:

நெடுவெளி அவர்களே, ஃபோர்ட் மக்லியோடு நகருக்கு வடமேற்கே 18 கிலோமீட்டர் தொலைவில், போர்க்கியுபைன் குன்றுகள் சமவெளியைத் தொடும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப் என்று அழைக்கப்படும் அந்தப் பாறைமுகட்டை 1981இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. பைசன் கூட்டத்தை விரட்டி வந்து விளிம்பிலிருந்து விழச்செய்யும் வேட்டை அங்கே ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, இடையிடையே நீண்ட இடைவெளிகள் விட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடந்திருக்கிறது. முதன்முறை செல்பவர்களுக்கு அந்த முகடு அவ்வளவு உயரமாகத் தோன்றாது. அடியில் எலும்பும் கல்லும் மண்ணுமாகப் பத்து மீட்டருக்கு மேல் படிந்து கிடப்பதால், முற்காலத்து உயரத்தில் பாதியைத்தான் நாம் இன்று காண்கிறோம்.

என்னை வியக்கவைத்தது முகடு அன்று. அதற்குப் பின்னால் மேற்கே விரியும் புல்வெளிப் பள்ளத்தாக்குதான். விலங்குகள் மேயும் அந்தப் பரந்த நிலத்திலிருந்து விளிம்பை நோக்கி, முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கற்குவியல்கள் ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாகப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வந்து சேர்கின்றன. இக்குவியல்களின் மீது புதர்க்கிளைகளைச் செருகி, பைசனின் மங்கிய பார்வைக்கு அவை அரண்போலத் தெரியுமாறு செய்திருக்கிறார்கள். கன்றின் தோலைப் போர்த்திக்கொண்ட இளைஞன் ஒருவன் தாயைப் பிரிந்த கன்றுபோலக் கத்தி முன்னே நடக்க, தாய்ப்பசுக்கள் அவனைப் பின்தொடரும். கடைசி நேரத்தில்தான் பின்னாலிருப்பவர்கள் கூச்சலிட்டு, தோல்களை வீசிக் கூட்டத்தை வெருட்டுவார்கள். இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். முகடோ கிழக்கு நோக்கியிருக்கிறது. ஆகவே, கீழே காத்திருக்கும் முகாமின் புகையும் மனித வாடையும் மேலே உள்ள கூட்டத்தை எட்டுவதில்லை. காற்று திசை மாறினால் பல நாள் உழைப்பும் வீண்.

கீழே நடந்த வேலை இன்னும் பெரிது. தோலை உரித்து, இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து உலர்த்தி, எலும்புகளை உடைத்து, தோல் விரித்த குழிகளில் நீர் நிரப்பி, பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுப்பார்கள். அவ்விடத்தில் கிடைக்கும் மணற்கல் சூட்டில் பொடிந்துவிடும் என்பதால், கடினமான கற்களை வேறிடங்களிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். இடித்த உலர் இறைச்சியும் கொழுப்பும் சாஸ்கட்டூன் பழமும் சேர்ந்த பெமிக்கன், ஒரு குளிர்காலம் முழுவதற்கும் தாங்கும். ஒரு குடும்பமோ இரண்டு குடும்பங்களோ செய்யக்கூடிய வேலையன்று இது. பல குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடி, ஒருவருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். "வேட்டையாடி வாழ்ந்தனர்" என்ற வரிக்குள் இருக்கும் அரசியலும் ஒழுங்குமுறையும் இவைதாம்.

இடத்திற்கு அப்பெயர் வந்த கதையையும் அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வார்கள். விலங்குகள் விழுவதை அடியிலிருந்து பார்க்க விரும்பிப் பாறைக்குக் கீழே ஒதுங்கி நின்ற இளைஞன், அன்று வேட்டை மிகுந்துபோனதால் பிணக்குவியலுக்கும் பாறைக்கும் இடையே நசுங்கி, மண்டை உடைந்து கிடந்தானாம். 1987இல் திறக்கப்பட்ட விளக்க மையத்தில் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிளாக்ஃபுட் மக்களே என்பதால், நூலில் படிப்பதைவிட அவர்களிடம் கேட்பதே நல்லது.

மறுபக்கம்:

மேட்டுநிலத்தான் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் தந்தவை எல்லாம் அகழாய்வின் சான்றுகள். 6000 ஆண்டு என்ற கணக்கு எலும்பையும் கரியையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பெற்றது, கதைகளிலிருந்து பெற்றதன்று. நெடுவெளியின் கேள்வியோ வாய்மொழி மரபைப் பற்றியது.

ஒக்கடோக்ஸ் நகருக்கு அருகே நிற்கும் பெரும்பாறையை எடுத்துக்கொள்வோம். சுமார் 16,500 டன் எடையுள்ள அந்தக் குவார்ட்சைட் பாறை, ஜாஸ்பர் பகுதி மலையிலிருந்து பனியாற்றின் மீது விழுந்து, பனியோடு தெற்கே வந்து, பனி உருகியபோது சமவெளியில் தங்கியது. கதை சொல்வது வேறு. நாப்பி என்னும் தொன்மக்கதை முதியவர் வெயிலில் களைத்துத் தம் போர்வையைப் பாறைக்குக் கொடுத்தார்; குளிர்ந்தவுடன் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்; சினந்த பாறை அவரைத் துரத்தியது; தடுக்க வந்த விலங்குகள் நசுங்கின; கடைசியில் வௌவால்கள் மோதிப் பாறையை இரண்டாக உடைத்தன; வௌவாலின் முகம் சப்பையானது அதனால்தான். சுவையான கதை, மறுக்கவில்லை. ஆனால் இதை வரலாறு என்று சொன்னால் வரலாறு என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். ஆண்டு, இடம், சாட்சி மூன்றும் இல்லாத ஒன்றை இலக்கியமாகப் போற்றுவோம், ஆவணமாக வேண்டாம்.

வடதிசை:

மறுபக்கம் ஐயா, நாப்பி கதைகளை எந்தப் பிளாக்ஃபுட் பெரியவரும் ஆண்டுக்குறிப்பாகச் சொல்வதில்லை. அவர்களிடம் ஆண்டுக்குறிப்புக்குத் தனி முறை இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்தையும் ஒரு நிகழ்ச்சியால் பெயரிட்டு, வரிசை மாறாமல் நினைவில் வைத்து, சிலர் தோலில் படமாகவும் தீட்டி வைத்த 'குளிர்காலக் கணக்கு' அது. கைனாய் மக்களின் பேட் ஹெட் என்னும் தலைவர் வைத்திருந்த கணக்கு 1810ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதில் விண்மீன்கள் விழுந்த ஆண்டு என்று ஒன்று வருகிறது. அது 1833 நவம்பரில் வட அமெரிக்கா முழுவதும் காணப்பட்ட எரிகல் பொழிவு. 1837க்கு உரிய குறிப்பு பெரியம்மை. அதே ஆண்டில் மிசூரி ஆற்றில் வந்த நீராவிப் படகின் மூலம் அந்நோய் பரவியதை வணிகர்களின் ஏடுகளும் சொல்கின்றன. நீங்கள் கேட்ட ஆண்டும் சாட்சியும் இங்கே உள்ளன.

இன்னும் முந்தைய காலத்திற்குச் சாக்கமாப்பி என்ற முதியவரின் வாக்குமூலம் இருக்கிறது. க்ரீ குலத்தில் பிறந்து பீகானியருடன் வாழ்ந்த அவர், 1787-88 குளிர்காலத்தில் தம் கூடாரத்தில் தங்கிய டேவிட் தாம்ஸன் என்ற வணிகரிடம் தம் இளமைக்காலத்தை விவரித்தார். ஷோஷோனி மக்கள் குதிரைமீது வந்து தாக்கியதை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அச்சத்தையும், பின்னர் 1781இல் எதிரிகளின் முகாமுக்குள் நுழைந்து, அங்கே எல்லாரும் பெரியம்மையால் செத்துக் கிடப்பதைக் கண்டு, அறியாமல் அந்நோயைத் தங்கள் முகாமுக்கே கொண்டுவந்ததையும் அவர் சொல்கிறார். குதிரை இச்சமவெளிக்கு வந்த காலத்தை 1730 அளவில் வைப்பதற்கு ஆய்வாளர்கள் அந்த முதியவரின் நினைவையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

நிலப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். 1801இல் ஆக்கோமோக்கி என்ற சிக்சிகா தலைவர், ஹட்சன் பே என்னும் வணிகக் கம்பெனியின் பீட்டர் ஃபிட்லருக்காக ராக்கி மலைத்தொடரையும் அதிலிருந்து இறங்கும் மிசூரிக் கிளையாறுகளையும் அங்கு வாழும் குலங்களையும் வரைந்து காட்டினார். மேற்குத் திசை மேலே இருக்குமாறு அமைந்த அப்படம் இலண்டனுக்குச் சென்று, ஆரோஸ்மித் அச்சிட்ட வட அமெரிக்கப் படத்தில் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து லூயிஸும் கிளார்க்கும் என்ற அமெரிக்கப் பயணிகள் நாடு காணப் புறப்பட்டபோது வைத்திருந்தது அந்தப் படம்தான். கண்டுபிடித்தவர்கள் என்று பெயர் பெற்றவர்களின் கையில் ஏற்கெனவே ஒரு பிளாக்ஃபுட் மனிதரின் நினைவு இருந்தது.

கடைசியாக, போ ஆற்றுக்கு அருகே ஒரு குன்றின் உச்சியில் உள்ள மேஜர்வில் கல்வட்டம். நடுவில் பெரிய கற்குவியல், அதிலிருந்து ஆரங்களாகப் பிரியும் கல்வரிசைகள், சுற்றிலும் வளையம். 1971இல் நடந்த அகழாய்வு அதன் தொடக்கத்தை ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்னே வைத்தது. அதன் அடுக்குகளில் இனிஸ்கிம் எனப்படும் பைசன் கற்கள் கிடைத்தன. அவை பழங்கடல் உயிரிகளின் புதைபடிவத் துண்டுகள், சில பைசனின் உருவம் போன்றே இருக்கும். பஞ்ச காலத்தில் விறகு பொறுக்கச் சென்ற ஒரு பெண், பாடும் கல் ஒன்றைக் கண்டெடுத்து, அது கற்றுத்தந்த பாடலை முகாமில் பாடியதும் பைசன்கள் திரும்பி வந்தன என்பது அவர்கள் மரபு. ஒவ்வொரு பெருவேட்டைக்கு முன்பும் அக்கற்களை வைத்து அப்பாடல்களைப் பாடினார்கள். கதை உண்மையா என்று நான் வாதிடப் போவதில்லை. அதனோடு இணைந்த பொருள் எத்தனை நீண்ட காலமாக அம்மண்ணில் வைக்கப்பட்டு வருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

ஆம்பல்:

இதுவரை எழுதியவர்கள் நினைவின் துல்லியத்தைப் பற்றி மட்டுமே வாதிடுகிறீர்கள். அந்த நினைவைச் சொல்லும் உரிமை யாருடையது என்பதுதான் பிளாக்ஃபுட் மரபில் முதற்கேள்வி. புனிதப் பொதிகள் என்று அவர்கள் போற்றுபவை, விலங்குத் தோல்களும் பறவை இறகுகளும் புகைக்குழல்களும் துணியிலும் தோலிலும் சுற்றி வைக்கப்பட்டவை. அவற்றுள் மிகப் பழமையானதாக அவர்கள் கருதும் பீவர் (ஆற்றில் அணை கட்டும் விலங்கு) பொதிக்கு உரிய பாடல்கள் நூற்றுக்கணக்கானவை. அப்பொதியைக் காப்பவரே நாட்களையும் திங்கள்களையும் எண்ணிக் காலக்கணக்கு வைத்திருந்தார். இடிக்குழல் பொதியை இளவேனிலில் முதல் இடி முழங்கிய பிறகே திறப்பார்கள்.

இவற்றை விரும்பியவர் எடுத்துக்கொள்ள முடியாது. முந்தைய காவலர்கள் முறைப்படி சடங்கு செய்து, பாடலையும் கதையையும் முகப்பூச்சையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்து, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர்கள் அதன் பிறகு புதியவர்களுக்குச் சடங்குமுறைப் பெற்றோர் ஆவார்கள். பொதுவாகக் கணவனும் மனைவியும் சேர்ந்தே பெறுகிறார்கள். பொதியைத் திறந்து மூடுவதில் மனைவியின் கை இன்றியமையாதது. ஊக்கான் என்னும் சூரிய நடனமே, நெறி தவறாது வாழ்ந்த ஒரு பெண் வேண்டுதல் செய்து முன்வந்தால்தான் நடக்கும். கைனாய் மக்களிடையே மோட்டோகிக்ஸ் என்னும் பெண்களின் சங்கம் இன்றும் இயங்குகிறது. கூடாரமும் பெண்ணின் உடைமையே. ஆண் வணிகர்கள் ஆண் தலைவர்களிடம் பேசி எழுதிவைத்த ஏடுகளை மட்டும் படித்தால் இவற்றில் ஒன்றும் தெரியவராது.

1895இல் கனடா அரசு இந்தியர் சட்டத்தைத் திருத்தி, சூரிய நடனத்தின் முக்கியக் கூறுகளைக் குற்றமாக்கியது. அத்தடை 1951 வரை சட்டத்தில் இருந்தது. அதே காலத்தில் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். பசியும் நோயும் தடையும் சேர்ந்து அழுத்திய அந்த ஆண்டுகளில்தான் அருங்காட்சியகங்கள் பொதிகளை வாங்கிக் குவித்தன. நியூயார்க் அருங்காட்சியகத்திற்காக மானிடவியலாளர் கிளார்க் விஸ்லர் சேகரித்தவற்றில் பெரும்பகுதியை மொன்டானாவில் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியவர் டேவிட் டுவால் என்ற பீகானியர். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

திரும்பி வந்த கதையும் இருக்கிறது. கால்கரியின் கிளென்போ அருங்காட்சியகம் 1990இல் ஓர் இடிக்குழல் பொதியைக் கைனாய் குடும்பம் ஒன்றுக்கு முதலில் கடனாகவே கொடுத்தது. பொதி திறக்கப்பட்டது, சடங்கு நடந்தது, பொருளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. அந்த நம்பிக்கை வளர்ந்து, 2000இல் ஆல்பர்ட்டா மாநிலம் புனிதப் பொருட்களைத் திருப்பித் தருவதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. சுமார் 250 பொருட்கள் பிளாக்ஃபுட் மக்களிடம் சென்றன. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேல் இருந்த தலைவர் க்ரோஃபுட்டின் உடையும் அணிகலன்களும் 2022இல் சிக்சிகா மக்களிடம் வந்து சேர்ந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரை யாரும் அந்தப் பொதிகளுக்கு முன்னால் பாட முடியவில்லை. ஆவணம் வேண்டும் என்று கேட்பவர்கள், அதைப் படிக்கத் தெரிந்தவர்களிடமிருந்து அது எத்தனை காலம் பிரிக்கப்பட்டிருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறுபக்கம்:

ஆம்பல் அக்கா சொன்ன சடங்கு ஒப்படைப்பு, ஒரு வகையில் பத்திரப்பதிவு போலவே இருக்கிறது. அதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. குளிர்காலக் கணக்கும் வலுவான சான்றுதான். ஆனால் என் ஐயம் இப்போது வேறிடத்திற்கு நகர்கிறது. 1877 செப்டம்பர் 22 அன்று பிளாக்ஃபுட் கிராஸிங் என்னும் ஆற்றுத்துறையில் கையெழுத்தான ஏழாம் உடன்படிக்கையின் எழுத்து வடிவம், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீதான உரிமை முழுவதையும் பிளாக்ஃபுட் மக்கள் பிரித்தானிய அரசிக்கு விட்டுக்கொடுத்ததாகத் தெளிவாகச் சொல்கிறது. பெரியவர்களோ, அது அமைதி ஒப்பந்தம், நிலத்தைப் பகிர்ந்துகொள்ளவே இசைந்தோம் என்கிறார்கள். எழுத்தும் நினைவும் நேருக்கு நேர் மோதும்போது எதை ஏற்பது?

பேச்சுவார்த்தையில் கைனாய் தலைவர் மெடிசின் காஃப், போலீசார் வெட்டிய மரங்களுக்கு விலை கேட்டார் என்பது பதிவாகியிருக்கிறது. உடைமை, விலை, இழப்பீடு ஆகியவற்றை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அறியாமல் கையெழுத்திட்டார்கள் என்ற வாதம் அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது.

வடதிசை:

நீங்கள் காட்டிய சான்றையே நான் எடுத்துக்கொள்கிறேன். மரத்துக்கு விலை கேட்டவர், மரமும் நிலமும் தம்முடையவை, வந்தவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்துவதற்குக் கைம்மாறு தர வேண்டும் என்ற நிலையிலிருந்து பேசுகிறார். ஆணையர் டேவிட் லேர்ட் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் நிலத்தையே நிரந்தரமாகக் கொடுத்துவிட வந்தவர், அதில் வெட்டிய விறகுக்கா கணக்குக் கேட்டிருப்பார்?

சூழலையும் பாருங்கள். 1875இலேயே பிளாக்ஃபுட் தலைவர்கள் அரசுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். வெள்ளையரும், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியினரான மெட்டிஸ் மக்களும் தங்கள் நிலத்தில் வந்து பைசனை அழிக்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும், தங்களோடு பேச ஓர் ஆணையர் வர வேண்டும் என்பதே அதன் சாரம். அரசின் கவலை வேறு. 1876இல் அமெரிக்கப் படையோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் பின் லகோட்டா மக்கள் தம் தலைவர் சிட்டிங் புல்லுடன் எல்லையைக் கடந்து வந்திருந்தார்கள். தெற்குச் சமவெளியில் உடன்படிக்கை இல்லாத பெருங்குழு பிளாக்ஃபுட் மட்டுமே. பசிபிக் வரை இரயில்பாதை போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பைசனைக் காக்கவும் போலீசாரின் துணையைப் பெறவும் வந்தது. இன்னொரு பக்கம் நிலத்துக்காக வந்தது. ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் முன்கூட்டியே வகுத்த அச்சில் அமைந்தது. மொழிபெயர்க்க வந்த ஜெரி பாட்ஸ் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் வேறொருவர் அமர்த்தப்பட்டார். தலைக்கு 12 டாலரும், அதன் பின் ஆண்டுதோறும் 5 டாலரும், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ஒதுக்கு நிலமும் தருவதாக எழுதினார்கள். எத்தனை தலைவர்கள் அந்த வாசகம் முழுவதையும் தம் மொழியில் கேட்டார்கள் என்பதுதான் பெரியவர்கள் எழுப்பும் கேள்வி.

கூட்டம் நடந்த இடமும் தற்செயலன்று. அரசு மக்லியோடு கோட்டையில் கூட விரும்பியது. வெள்ளையரின் கோட்டைக்குள் வந்து பேசமாட்டேன் என்று க்ரோஃபுட் மறுத்ததால்தான் ஆணையர்கள் போ ஆற்றங்கரைக்கு வந்தார்கள். சரணடைய வந்தவர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

மறுபக்கம்:

இடத்தேர்வு மரியாதையைக் காட்டுகிறது; அதுவே உரிமைக்குச் சான்றாகாது. ஆயினும் மொழிபெயர்ப்புச் சிக்கல் பற்றிய வாதத்தில் வலு இருக்கிறது.

நெடுவெளி:

இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பைசனைக் காப்பதற்காகவே வந்தார்கள் என்றால், அதன் பின் பைசனுக்கு என்ன ஆனது? உடன்படிக்கைக்கு முன்பே அவர்கள் இவ்வளவு தளர்ந்திருந்ததற்கு விஸ்கி மட்டுமா காரணம்?

மேட்டுநிலத்தான்:

விஸ்கி ஒரு காரணம் மட்டுமே. 1837இன் பெரியம்மையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1869-70இல் அது மீண்டும் வந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான், 1870 ஜனவரி 23 அன்று, மொன்டானாவின் மரியாஸ் ஆற்றங்கரையில் மேஜர் யூஜின் பேக்கரின் அமெரிக்கப் படை ஹெவி ரன்னர் என்ற தலைவரின் முகாமை விடியற்காலையில் சுட்டுத் தீர்த்தது. படையினர் தேடி வந்தது வேறொரு தலைவரின் குழுவை. இது அந்த முகாமன்று என்று வழிகாட்டி ஜோ கிப் எச்சரித்தும் கேட்கவில்லை. தாம் அமைதியானவர் என்று அமெரிக்க அலுவலர்களே கொடுத்திருந்த தாளைக் கையில் பிடித்தபடி ஹெவி ரன்னர் வெளியே வந்து சுடப்பட்டார். இராணுவக் கணக்கே 173 பேர் இறந்ததாகச் சொல்கிறது. பெரும்பாலோர் அம்மை கண்டு படுத்திருந்தவர்கள், பெண்கள், குழந்தைகள், முதியோர். தப்பியவர்களில் பலர் வடக்கே வந்து உறவினருடன் சேர்ந்தார்கள்.

பைசனைப் பொறுத்தவரை, வடமேற்குப் பிரதேச அவை 1877இல் ஒரு பாதுகாப்பு ஆணை பிறப்பித்து, மறு ஆண்டே அதை நீக்கியது. 1879க்குள் கனடியச் சமவெளியில் பைசன் இல்லாமற்போனது. க்ரோஃபுட்டின் மக்கள் எஞ்சிய கூட்டங்களைத் தேடி மொன்டானாவுக்குச் சென்று, 1881இல் பட்டினியோடு திரும்பினார்கள். 1883-84 குளிர்காலத்தில் மொன்டானாவின் தெற்குப் பீகானியரில் ஏறத்தாழ 600 பேர் உணவின்றி இறந்தார்கள். உடன்படிக்கைக்கும் இதற்கும் இடையே ஏழு ஆண்டுகள்கூட இல்லை.

மட்டுறுத்துநர்:

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒக்கடோக்ஸ் பாறைக்கதையை உடன்படிக்கைக்கு உருவகமாக்கி, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிய நாப்பிதான் கனடா அரசு என்று எழுதியவை அவை. கதை உடன்படிக்கையைவிடப் பழையது என்ற மறுப்பும், அதைத் தொடர்ந்து வசையும் வந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டேன். தலைப்பை விட்டு விலகாமல் தொடருங்கள்.

மறுபக்கம்:

சட்டம் படித்தவன் என்ற முறையில், எழுத்தும் நினைவும் மோதிய ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். இவ்விழைக்கு இது நேரடியாகப் பொருந்தும். கைனாய் மக்களின் ஒதுக்கு நிலம் இன்று 547.5 சதுர மைல். பரப்பளவில் கனடாவிலேயே பெரியது. அப்படியிருந்தும், உடன்படிக்கையின் கணக்குப்படி தங்களுக்கு வர வேண்டியது இன்னும் அதிகம் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லி வந்தார்கள். 1980இல் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஐவருக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்து, 710 சதுர மைல் வந்திருக்க வேண்டும், 162.5 சதுர மைல் குறைகிறது என்று தீர்ப்பளித்தது. பெரியவர்களின் நினைவு, அரசின் சொந்த ஆவணத்தைக் கொண்டே உறுதியானது.

ஆனால் காலவரையறைச் சட்டம் குறுக்கிட்டது. 1971க்குள்ளாவது இக்குறையை அவர்கள் கண்டறிந்திருக்க முடியும், ஆறாண்டு கெடு கடந்துவிட்டது என்பதே அரசின் வாதம். 1982இன் அரசியலமைப்பு உடன்படிக்கை உரிமைகளுக்குப் புதிய வழக்குரிமை தந்தது என்று முதல் நீதிமன்றம் சொன்னதை, மேல்முறையீட்டு நீதிமன்றமும் பின்னர் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் குறைத்துக் கொடுத்ததன் மூலம் அரசு உடன்படிக்கையை மீறி நேர்மையற்ற முறையில் நடந்துகொண்டது என்று அறிவிப்புத் தீர்ப்பு மட்டும் அளித்தது. அத்தீர்ப்பை எழுதிய மிஷேல் ஓபான்சவின், அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பூர்வகுடி நீதிபதி. அந்த அறிவிப்பு பேச்சுவார்த்தைக்கு அடித்தளமாகலாமே தவிர, அதனால் நிலமோ இழப்பீடோ தானாக வந்துவிடாது.

கையெழுத்திட்ட தாளின் வாசகம் முக்கியம் என்ற என் நிலையில் மாற்றமில்லை. அந்த வாசகம் அரசையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

நெடுவெளி:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த கோடையில் உறவினர்கள் வருகிறார்கள்; அவர்களை எங்கெங்கு அழைத்துச் செல்லலாம்? மேஜர்வில் குன்றுக்குப் போவது முறையா?

ஆம்பல்:

முதலில் மேட்டுநிலத்தான் சொன்ன பாறைமுகடு. அடுத்து, க்ளூனி ஊருக்கு அருகே உடன்படிக்கை நடந்த ஆற்றுத்துறையில் 2007இல் திறக்கப்பட்ட பிளாக்ஃபுட் கிராஸிங் வரலாற்றுப் பூங்கா; அதை நடத்துபவர்கள் சிக்சிகா மக்களே. மூன்றாவதாக, மில்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆய்சினாய்பி. பாறைகளில் நூற்றாண்டுக் கணக்கில் செதுக்கியும் தீட்டியும் வைத்த உருவங்கள் நிறைந்த அவ்விடம் 2019இல் உலக மரபிடமானது. தெற்கே வானத்தின் ஓரத்தில் ஸ்வீட்கிராஸ் குன்றுகள் தெரியும். ஓவியங்களில் பெரும்பகுதி அடைக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பதால், வழிகாட்டியுடன் செல்லும் நடைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மேஜர்வில் ஒரு சுற்றுலாத் தலமன்று. இன்றும் மக்கள் வந்து வழிபடும் இடம். போனால் கற்களை நகர்த்தாதீர்கள், துணியோ புகையிலையோ காணிக்கையாகக் கிடந்தால் தொடாதீர்கள், படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள். சூரிய நடனத்துக்கு அழைப்பின்றிச் செல்வது அறவே கூடாது.

பைசனைக் காண விரும்பினால் மொன்டானா பக்கம் போகலாம். 2014 செப்டம்பரில் பிரவுனிங் ஊரில் எல்லையின் இருபுறத்துப் பூர்வகுடிகளும் கூடிப் பைசன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதற்கு நெடுங்காலம் உழைத்தவர்களில் ஒருவர் கைனாய் அறிஞர் லீராய் லிட்டில் பேர். 2016இல் எட்மன்டன் அருகே உள்ள எல்க் ஐலண்டு பூங்காவிலிருந்து 80க்கும் மேற்பட்ட கன்றுகள் அங்கே சென்றன. அவற்றின் முன்னோர், 1870களில் அதே பிளாக்ஃபுட் நிலத்தில் பிடிபட்டு, பின்னர் கனடா அரசுக்கு விற்கப்பட்ட மந்தையைச் சேர்ந்தவை. 2023 ஜூனில் அவற்றில் ஒரு சிறு கூட்டத்தைச் சீஃப் மலையடிவாரத்தில் வேலியின்றித் திறந்துவிட்டார்கள்.

மேட்டுநிலத்தான்:

ஆம்பல் சொன்ன பூங்காவுக்குச் செல்லும்போது, சுற்றியுள்ள கோதுமை வயல்களையும் கவனியுங்கள். அவற்றுள் ஒரு பகுதி 1910 வரை சிக்சிகா ஒதுக்கு நிலமாக இருந்தது. அரசின் அழுத்தத்தால் அந்த ஆண்டு ஏறத்தாழ 1,15,000 ஏக்கர், அதாவது ஒதுக்கு நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு, பிரித்து விற்கப்பட்டது.

நெடுவெளி:

2022இல் அதற்குத் தீர்வு வந்துவிட்டது என்று செய்தி படித்த நினைவு. நிலம் திரும்பக் கிடைத்ததா?

மேட்டுநிலத்தான்:

கிடைத்தது பணம். 2022 ஜூனில் கையெழுத்தான தீர்வின் தொகை 130 கோடி டாலர். நிலம் இப்போது தனியார் உழவர்களிடம் இருப்பதால் அதைப் பறித்துக் கொடுக்கவில்லை. விற்க விரும்புவோரிடமிருந்து 1,15,000 ஏக்கர் வரை சிக்சிகா மக்கள் சந்தை விலைக்கு வாங்கி, ஒதுக்கு நிலத்தோடு சேர்க்கும்படி கேட்கலாம் என்பது ஏற்பாடு.